எட்டுக்கு ஏழடிக் குசினியை நான் பெரிதாக்கிய விதம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. தை மாதம் அம்மா தொலைபேசியில், குசினியில் இடம் காணாது என்றார். அம்மா இருப்பது விசுவமடுவில், மீள்குடியேற்றத்துக்குப் பின் கிடைத்த வீட்டுத்திட்ட வீட்டில், தனியாக. நான் இருப்பது டென்மார்க்கில்.

2. நான் அளவுகள் கேட்டேன். முப்பத்தொரு அளவுகள். மேசன் யோகன் அண்ணா நாடா பிடித்து அளந்து, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, படமெடுத்து அனுப்பினார்.

3. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்து வரைபடம் போட்டேன். அம்மாவின் கைபேசிக்கு வர்ணப் படமாகவும் அனுப்பினேன்.

4. பங்குனியில், குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் இருந்த சுவர் உடைக்கப்பட்டது.

5. சித்திரையில், உடைக்க முன்னரும் பின்னரும் எடுத்த இரண்டு படங்கள் என் வேலையிடத்தில் பெரிய திரையில் காட்டப்பட்டன. கை தட்டினார்கள்.

6. வைகாசியில், கடைகளுக்கு இடியப்பம் கொடுப்பதற்கான அம்மாவின் வருடாந்த அனுமதிக்காகச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். கையெழுத்து வைக்கவில்லை.

7. அம்மா இதை எனக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் குசினியில் நின்று என்னோடு வீடியோவில் கதைத்தார்.

8. ஆவணியில், பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா சொல்லித்தான் அறிந்தேன்.

ஊரில் குசினி திருத்துவதற்கு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் யோசனை கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காமலே யோசனை சொல்லும் பிள்ளைகளும் இருக்கிறோம். இரு பகுதிக்குமாக எழுதுகிறேன்.

*

வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைபடம் படித்தவள் நான். திருமணமாகி இங்கே வந்து, மூன்று வருடம் மொழிப் பள்ளிக்குப் போய், படித்த படிப்பை இங்கே ஏற்கமாட்டோம் என்ற கடிதத்தையும் வாங்கி, திரும்ப ஒரு தொழிற்படிப்பு முடித்து, இப்போது குசினி அலுமாரிகள் செய்து பூட்டிக்கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வரைபடம் போடுகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பழைய தொடர்மாடி வீடுகளில் இருப்பவர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: குசினி பெரிதாகத் தெரியவேண்டும். பெரிதாக இருக்கவேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. அது முடியாது என்று அவர்களுக்கும் தெரியும்.

அதற்கு என்னிடம் சில வழிகள் உண்டு. சுவருக்கும் அலுமாரிக்கும் ஒரே வெளிர் நிறம். கைபிடி இல்லாத கதவுகள். அலுமாரி கூரைவரை போகவேண்டும். இடையில் நிறுத்தினால் கண்ணும் அங்கே நின்றுவிடும். தரைக்குப் பெரிய டைல்ஸ், அதே டைல்ஸ் அடுத்த அறைக்குள்ளும் தொடரவேண்டும். அடுப்புக்குப் பின்னால் பளபளப்பான பரப்பு, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க. யன்னலின் அடிக்கட்டில் ஒரு பொருளும் வைக்கக்கூடாது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வழி ஒன்று: சுவரை எடுத்துவிடுவது. அப்படித் திறந்து சேர்த்த அறைக்கு இங்கே ஒரு சொல் இருக்கிறது. தமிழில் சொன்னால் எல்லாவற்றுக்குமான அறை. வீடு விற்கும் விளம்பரங்களில் அந்தச் சொல் முதல் வரியிலேயே வரும்.

நான் இருக்கும் வீட்டில் அது இல்லை. மூன்றாம் மாடி, வாடகை வீடு, ஒருவர் நின்றால் மற்றவர் பக்கவாட்டில் போகவேண்டிய குசினி. சுவரில் ஆணி அடிக்கவே எழுதிக் கேட்கவேண்டும். வந்த இரண்டாம் மாதமே வீட்டுச் சங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அகராதி வைத்து வாசித்தேன். படிக்கட்டில் மணம் வருவதாக முறைப்பாடு, சமைக்கும்போது குசினிக் கதவைச் சாத்தி வைக்கவும். அன்றிலிருந்து இன்றுவரை சாத்தித்தான் வைக்கிறேன். மிளகாய் வறுக்கும்போது கதவின் கீழ் ஈரத்துணியும் வைப்பேன். பகலில் எட்டு மணித்தியாலம் மற்றவர்களின் சுவர்களை அழித்துவிட்டு வந்து, மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கிறேன். இந்த முரண் எனக்கு ஆறு வருடமாகக் கண்ணில் படவில்லை.

*

அம்மா இடியப்பம் அவித்து, சந்தியில் இரண்டு தேநீர்க் கடைகளுக்கும் ஒரு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்கும் கொடுத்து வந்தார். அப்பா இல்லாமல் போனபின் தொடங்கிய வேலை. என்னை வவுனியாவில் படிக்க வைத்தது அதுதான். விடியப்புறம் மா குழைத்து, பிழிந்து, அவித்து, ஆறு மணிக்கு முன் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். தை மாதம் பாடசாலையில் பிள்ளைகள் கூடி, கேட்ட அளவும் கூடியது. அப்போதுதான் என்னிடம் சொன்னார்.

"இடம் காணாது பிள்ளை. பிழிஞ்ச தட்டை வைக்க இடமில்லை. ரெண்டடுக்கு மேசையில, மூண்டாவது என்ர மடியில."

நான் இப்போது அந்த வசனத்தைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அவர் கேட்டது ஒரு தட்டு அடுக்கும் ராக்கை. நாலு பலகையும் நாலு காலும். யோகன் அண்ணா அரை நாளில் அடித்திருப்பார். எனக்குக் கேட்டது, என் வாடிக்கையாளர்கள் சொல்லும் அதே வசனம். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது.

சுவரைப் பற்றி யோகன் அண்ணா ஒரு கேள்வி கேட்டார்.

"தங்கச்சி, இதை உடைச்சா அம்மா புகையை எங்க விடுறது?"

"அதுக்குத்தான் அண்ணா காஸ் அடுப்பு. விறகடுப்பை எடுத்துட்டு, புகைபோக்கியின்ர அடியைப் பூசி அடைச்சு டைல்ஸ் ஒட்டுங்கோ."

"அம்மா காஸில அவிப்பாவோ?"

"பழகிடுவா."

"சரி. நீங்க படிச்சனீங்க. எனக்கென்ன, கட்டுறதைவிட உடைக்கிறது சுகம்."

அம்மாவிடமும் கேட்டேன், கேட்காமல் இல்லை. படத்தைப் பார்த்தீங்களா என்றேன். "வடிவா இருக்கு, ஆற்ற வீடு?" என்றார். உங்கட வீடுதான் அம்மா என்றதும் சிரித்தார். சுவரை எடுக்கவேணுமா என்று ஒரு தடவை கேட்டார். எடுத்தால்தான் பெரிதாகத் தெரியும் என்றேன். "அப்ப உனக்குச் சரியெண்டாச் சரி" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

*

முப்பத்தொரு அளவுகளில் நான் கேட்காத அளவு ஒன்று உண்டு. இடியப்பப் பானையின் அகலம். அந்தப் பானை காஸ் அடுப்பில் உட்காராது, உட்கார்ந்தாலும் ஆடும். முதல் நாளே ஆடியிருக்கிறது. கொதிதண்ணீர். அம்மா விலகி நின்றதால் தப்பினார். அடுத்த நாள் பின்பக்கம் நாலு தடி நட்டு, பழைய தகரம் போட்டு, மூன்று கல் வைத்து, பானையை அங்கே கொண்டுபோய்விட்டார். இடம்பெயர்ந்த காலத்தில் எத்தனையோ மரங்களுக்குக் கீழே வைத்த அதே மூன்று கல். வீடு கிடைத்தபின் அவர் மூன்று கல்லில் சமைத்ததில்லை.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. கூரைவரை உயர்த்திய அலுமாரியின் மேல் தட்டு இரண்டும் அம்மாவுக்கு எட்டாது. அங்கே எலி குடியிருக்கிறது. வீட்டுக்குச் சீலிங் இல்லை, ஓட்டுக்கும் அலுமாரிக்கும் இடையிலுள்ள சந்து எலிக்குப் பாதை என்பதை நான் வரைபடத்தில் யோசிக்கவில்லை. பெரிய டைல்ஸில் மாவும் தண்ணீரும் பட்டால் வழுக்கும். சாக்கை விரித்துத்தான் நடக்கிறார். ஒன்று மட்டும் நன்றாக வந்தது. கிழக்கு யன்னலை அகலமாக்கியது. காலையில் வெளிச்சம் தாராளமாக வருகிறது என்று ஜெசிந்தா அக்காவே சொன்னார். ஊரில் சின்னக் குசினி வைத்திருப்பவர்கள் என் சொல்லைக் கேட்பதாக இருந்தால் யன்னலை அகலமாக்குங்கள், சட்டிகளை நிலத்தில் வைக்காமல் சுவரில் கொளுவுங்கள், தட்டுக்கு ராக்கை அடியுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

*

வேலையிடத்தில் படங்களைத் திரையில் போட்டவர் என் மேலதிகாரி கிர்ஸ்டன். முதல் படத்தில் கரி பிடித்த சுவர், தொங்கும் அகப்பைகள், மூலையில் விறகு, பாதி சாத்திய கதவு. இரண்டாம் படத்தில் ஹோல் வாசலிலிருந்து பின் யன்னல்வரை ஒரே வெள்ளை. நடுவில் அம்மா, கோயிலுக்குக் கட்டும் சேலையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இதே பரப்பளவா? நம்பமுடியவில்லை" என்றார் கிர்ஸ்டன். நிறுவனத்தின் இணையப் பக்கத்திலும் போட்டார்கள். அலுமாரி பூட்டும் வயதான மனிதர் ஒருவர் மட்டும் அருகில் வந்து, "உன் அம்மா இதில் என்ன சமைப்பார்?" என்று கேட்டார். எல்லாமே சமைப்பார் என்றேன். அப்போது மூன்று கல் வைத்து ஐந்து கிழமை ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது.

என் மகள் ஆரணிக்கு எட்டு வயது. அம்மம்மாவோடு அவள் கதைக்கும் தமிழ் நாலு வசனம்: சுகமா இருக்கிறீங்களா, சாப்பிட்டீங்களா, பள்ளிக்கூடம் போனனான், பாய். அம்மா "என்ன கறி திண்டனீங்கள் குஞ்சு?" என்று ஒன்று கூடுதலாகக் கேட்டால் கைபேசி என் கைக்கு வந்துவிடும். ஆனி மாதம் ஒரு ஞாயிறு, கதைத்து முடிந்ததும் டேனிஷில் கேட்டாள்: "அம்மம்மாவின் குசினி ஏன் எப்பவும் இவ்வளவு துப்புரவு? அவர் சமைப்பதில்லையா?"

எங்கள் வீட்டுக் குசினி ஊத்தை என்று சொல்கிறாளாக்கும் என நினைத்து ஏசினேன். பிள்ளை பார்த்தது ஆனியில். நான் அறிந்தது ஆவணியில். இடையில் எட்டு ஞாயிறுகள் நான் அந்தப் படத்துக்குள் பானையும் இல்லை, இடியப்ப உரலும் இல்லை, புகையும் இல்லை என்பதைக் காணவில்லை. நான் கண்டது என் கோடுகள் நேராக வந்திருப்பதை.

*

ஜெசிந்தா அக்கா முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தவர். அம்மாவுக்குப் பதினைந்து வயது இளையவர், வாய் மட்டும் இருபது வயது மூப்பு என்று அம்மா சொல்வார். அவர் வேறு எதற்கோ அழைத்தார். கதையோடு கதையாக, "இப்ப அம்மாவும் பாவம்தானே, அந்த மனிசியின்ர இடத்தில போய் நிண்டு" என்றார். எந்த மனிசி என்று கேட்டேன்.

"ஐயோ மாதாவே. உனக்குத் தெரியாதே?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்தப் பரிசோதகர் ஐயாவில பிழை இல்லையடி. நல்ல மனிசன். சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள வந்தவர். வந்து நிண்டுகொண்டு, 'அம்மா, குசினி எங்க?' எண்டார். அம்மா, 'நீங்க நிக்கிறதுதான் ஐயா' எண்டா. அந்தாள் காலைத் தூக்கிப்போட்டுது!"

அக்கா சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"ஹோலில கிடந்த கட்டிலையும் பாத்தார், அடுப்பையும் பாத்தார். விக்கிற சாப்பாடு செய்யிற இடம் படுக்கிற இடத்தோட ஒண்டா இருக்கக்கூடாதாம். சுவர் வேணுமாம், கதவு வேணுமாம். பின்னுக்குக் கொட்டிலைக் காட்டினா, அதுக்குச் சுவரே இல்லை, கோழி நிக்குது. 'போன வருசம் சரியா இருந்ததே அம்மா, ஆர் உங்களுக்கு இதைச் செய்யச் சொன்னது?' எண்டு கேட்டவர்."

"அம்மா என்ன சொன்னவா?"

"மேசன் பிழையா விளங்கிட்டான் எண்டு சொன்னவா. யோகன் பக்கத்திலதான் நிண்டவன். தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவன்."

அனுமதி இல்லாமல் சந்திக் கடைகள் வாங்காது. பிடித்தால் கடைக்காரனுக்குத்தான் வழக்கு. பாடசாலை அடுத்த நாளே நிறுத்திவிட்டது. அந்தக் கடைகளுக்கு இப்போது இடியப்பம் கொடுப்பவர், அடுத்த ஒழுங்கையில் புதிதாகத் தொடங்கிய ஒரு பெண். அவரிடம் அனுமதி இருந்தது, கைப்பக்குவம் இல்லை. அம்மாவை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

இந்த நாட்டில் இரண்டு அலுமாரிக்கு இடையில் எத்தனை சென்ரிமீற்றர் விடவேண்டும், அடுப்புக்கும் யன்னல் திரைக்கும் எவ்வளவு தூரம், எல்லா விதியும் எனக்கு மனப்பாடம். என் அம்மா உழைத்துத் தின்னும் குசினிக்கு ஒரு விதி இருக்கும் என்று நினைக்கவே இல்லை. கிர்ஸ்டன் வைத்திருக்கும் படிவத்தில் முதல் கேள்வி, இந்தக் குசினியில் யார், என்ன வேலை செய்கிறார்கள் என்பது. முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அதைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

*

அன்று மாலையே அம்மாவை அழைத்தேன்.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்ல?"

"என்னத்தை? ஜெசிந்தா ஊதிட்டாளோ?"

"ஏன் சொல்லேல்ல?"

"சொல்லி? நீ அங்க இருந்து சுவர் வைப்பியே?"

"வீடியோவில சேலையைக் கட்டிக்கொண்டு நிண்டீங்களேயம்மா."

"நீ பாக்க ஆசைப்பட்டனி. ஒரு மணித்தியாலம்தானே. நிண்டனான்."

பிறகு அம்மா, கோபம் இல்லாத குரலில், தோட்டத்துக் கதையை எடுத்தார். அம்மா பிறந்தது மலையகத்தில், தேயிலைத் தோட்டத்தில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, ஒன்பது வயதில் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர்.

"லயத்தில எங்களுக்கு ஒரு காம்பராதான். அடுப்பும் அதுக்குள்ள, படுக்கையும் அதுக்குள்ள. ஆர் வந்தாலும் கண் முதல்ல போறது எங்கட சட்டிக்கு. இண்டைக்கு என்ன ஆக்கினீங்க எண்டு கேக்கிறது. ஒண்டும் ஆக்காட்டி அதுவும் தெரியும். வெள்ளைச் சுவர்தான் அதுவும், தோட்டத்தில வருசம் ஒருக்கா சுண்ணாம்பு அடிப்பாங்க. உன்ர படத்தைக் கண்டவுடன எனக்கு அதுதான் நினைவு வந்தது. நீ கோவிக்காத. நீ வடிவுக்குத்தான் செய்தனி."

இந்தக் கதை எனக்குப் புதிதல்ல. வீட்டுத்திட்ட வீடு கிடைத்தபோது அம்மா முதலில் போட்ட கதவு குசினிக் கதவு. வீட்டு வாசலுக்கு ஒரு வருடம் தறப்பாள்தான் தொங்கியது. ஊர் சிரித்தது, உலகத்தில் இல்லாத பவுண் குசினிக்குள் வைத்திருக்கிறாளோ என்று. எனக்கு அப்போது பதினாறு வயது, நானும் வெட்கப்பட்டேன். ஊருக்குத் தெரிந்தும் பேசாத இன்னொன்றும் உண்டு. சந்திக் கடையில் அம்மாவின் இடியப்பத்தைத் தின்னும் சிலர் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். தோட்டக்காட்டு ஆட்கள் என்பது அவர்கள் எங்களுக்கு வைத்திருக்கும் பெயர். அம்மாவுக்கு அது தெரியும். கதவைச் சாத்திவிட்டுத்தான் அவர்களுக்கும் சேர்த்துப் பிழிந்தார். அந்தக் கதவுக்குப் பின்னால் அவரை ஒருவரும் பார்க்கமுடியாது. நாற்பது வயதுக்கு மேல் அவருக்குக் கிடைத்த இடம் அது, எட்டுக்கு ஏழடி. நான் அதைப் பெரிதாக்கினேன்.

"நான் திரும்ப ஒரு படம் வரைஞ்சு அனுப்புறன் அம்மா. சுவரோட."

"வேண்டாம் பிள்ளை. சுவர் எங்க இருந்ததெண்டு யோகனுக்குத் தெரியும்."

*

இன்றைய நிலை இது. சுவர் யன்னல் உயரத்துக்கு வந்திருக்கிறது. இந்த முறை யோகன் அண்ணா கூலி பேசவில்லை. வேறு வேலை இல்லாத நாட்களில் வந்து இரண்டு வரி கல் வைத்துவிட்டுப் போகிறார். புகைபோக்கியின் அடியில் ஒட்டிய டைல்ஸை இன்னும் உடைக்கவில்லை. பழைய கதவு மழையில் கிடந்து ஊதிவிட்டது, புதிதுதான் செய்யவேண்டும். சுவரும் கதவும் முடிந்தபின் அறிவிக்கும்படி பரிசோதகர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு கடைகள் அம்மாவிடம் திரும்ப வாங்குமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றிருக்கிறார்கள். இணையப் பக்கத்திலிருந்து படத்தை எடுக்கச் சொல்லி கிர்ஸ்டனுக்கு எழுதினேன். ஏன் என்று கேட்டிருக்கிறார், நான் இன்னும் பதில் எழுதவில்லை. ஞாயிறுகளில் அம்மா வீட்டுக்கு வெளியே, கிணற்றடியில் நின்று கதைக்கிறார். மற்ற ஆறு நாளும் விடியப்புறம் சைக்கிளில் அடுத்த ஒழுங்கைக்குப் போய், இன்னொருவரின் குசினியில், அவர் சொல்லும் கணக்குக்கு இடியப்பம் பிழிந்து கொடுத்துவிட்டு வருகிறார்.